இருவர் பார்க்கும் படம்: வாசகர் கேள்வி – பதில்

வார இறுதியில் கணவனும் மனைவியும் சேர்ந்து படம் பார்ப்பதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு கேள்விக்கு நான்கு வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பல, ஒரே வருத்தத்தை வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கி, ஒன்றுபோல் இருந்த கடிதங்களைச் சேர்த்து, எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இருவரும் வேலைக்குச் செல்கிறோம். சனி, ஞாயிறு இரண்டு நாள்களும் படம் பார்ப்பதுதான் எங்கள் பொழுதுபோக்கு. ஒன்று முடிந்ததும் அடுத்ததைப் போட்டுவிடுகிறோம். ஞாயிறு இரவு படுக்கும்போது நினைத்துப் பார்த்தால், பக்கத்திலேயே இருந்தும் மனம்விட்டு எதுவும் பேசவில்லையே என்று தோன்றுகிறது. கணவரிடம் சொன்னால், "இரண்டு நாளும் உன்னோடுதானே இருந்தேன், இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்கிறார். நான் அதிகம் எதிர்பார்க்கிறேனா?

பதில்: இல்லை, நீங்கள் அதிகம் எதிர்பார்க்கவில்லை. உங்கள் கணவர் சொல்வதையும் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட முடியாது. வாரம் முழுவதும் பலரிடமும் பேசிக் களைத்து வந்த ஒருவருக்கு, பேசியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் மனைவியின் அருகில் உட்கார்ந்திருப்பதே பெரிய ஆறுதல். அவர் அருகில் இருந்த நேரத்தைக் கணக்கிடுகிறார். நீங்கள் பேசிய நேரத்தைக் கணக்கிடுகிறீர்கள். எனவே, "நாம் சேர்ந்து இருப்பதே இல்லை" என்று பேச்சைத் தொடங்காதீர்கள். அது அவருக்கு அநியாயமாகப் படும். "படம் முடிந்ததும் அரை மணி நேரம் எனக்காக ஒதுக்குங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். குறையாகச் சொன்னால் மறுத்துப் பேசத்தான் தோன்றும். வேண்டியது இன்னதென்று தெளிவாகக் கேட்டால் கொடுப்பதும் எளிது.

படம் முடிந்தபின் பேசும் அந்த நேரத்தின் மதிப்பைக் காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 174 புதுமணத் தம்பதிகளை மூன்று ஆண்டுகள் கவனித்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சில தம்பதிகளுக்குக் கருத்து வேறுபாடுகளைக் கையாளும் பயிற்சியும், வேறு சிலருக்கு ஒருவரையொருவர் ஏற்றுப் பரிவோடு நடந்துகொள்ளும் பயிற்சியும் அளிக்கப்பட்டன. இன்னொரு குழுவினர் மண வாழ்க்கையைப் பற்றிய படங்களைப் பார்த்துவிட்டு, கொடுக்கப்பட்ட கேள்விகளை வைத்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். முதல் படத்துக்குப் பிறகு 47 படங்கள் கொண்ட பட்டியலிலிருந்து வாரத்துக்கு ஒன்றாக ஒரு மாதம் வீட்டிலேயே பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, எந்த உதவியும் பெறாதவர்களில் 24 விழுக்காட்டினர் பிரிந்திருந்தார்கள். படம் பார்த்துப் பேசியவர்களில் அது 11 விழுக்காடு. முறையான பயிற்சி பெற்றவர்களிடமும் ஏறத்தாழ அதே அளவுதான்.

இதைப் படித்துவிட்டு, படம் பார்த்தால் மண வாழ்க்கை உறுதிப்படும் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஆய்வில் பங்கேற்றவர்கள் எல்லோரும் புதிதாக மணம் புரிந்தவர்கள். அவர்கள் பார்த்ததும் ஒரு மாதத்தில் நான்கைந்து படங்கள் மட்டுமே. நீங்கள் இரண்டு வார இறுதிகளில் பார்த்து முடிக்கும் அளவுதான் அது. அவர்கள் உங்களிடமிருந்து வேறுபடும் இடம், படம் முடிந்த பிறகு வருகிறது. படத்தில் வரும் இருவரும் கருத்து வேறுபட்டபோது எப்படிப் பேசிக்கொண்டார்கள், ஒருவர் மனம் புண்பட்டதை மற்றவர் கவனித்தாரா, மன்னிப்புக் கேட்டபோது அது உள்ளத்திலிருந்து வந்ததா, இவற்றில் எவை நம் வீட்டிலும் நடக்கின்றன என்பவை போன்றவற்றை அவர்கள் பேசினார்கள். தன் குறையைத் தானே கண்டுகொள்ள ஒரு கதை இடம் கொடுக்கிறது. மனைவியோ கணவனோ சுட்டிக்காட்டினால் கசக்கும் ஒன்று, கதாபாத்திரத்தின் வடிவில் வரும்போது அவ்வளவு கசப்பதில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நீங்கள் பயன்படுத்தும் ஓடிடி தளத்தின் அமைப்புகளுக்குள் சென்று, அடுத்தது தானாக ஓடத் தொடங்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். பெயர்கள் ஓடி முடிவதற்குள் அடுத்த படத்தின் முதல் காட்சி திரையில் வந்து நின்றால் பேச்சுக்கு வாய்ப்பே இருக்காது. பிறகு, "படம் எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "நன்றாக இருந்தது" என்று பதில் வரும், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். குறிப்பாகக் கேளுங்கள்: "மகள் அவ்வளவு நேரம் வாசலில் நின்றாளே, அந்த அப்பா ஏன் கதவைத் திறக்கவில்லை? நீங்களாக இருந்தால் திறந்திருப்பீர்களா?" இப்படிக் கேட்டால், அதிகம் பேசாத கணவரும் தன் தந்தையைப் பற்றியோ தன்னைப் பற்றியோ ஏதாவது சொல்லத் தொடங்குவார். அவர் தொடங்கும்போது நீங்கள் இடைமறிக்காமல் இருக்க வேண்டும். அது நீங்கள் நினைப்பதைவிடக் கடினம்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு நாள்களையும் படங்களால் நிரப்ப வேண்டாம். 1993இல் வெளியான ஓர் ஆய்வில் 53 தம்பதிகள் பங்கேற்றார்கள். ஒரு குழுவினர் பத்து வாரங்களுக்கு, வாரத்தில் ஒன்றரை மணி நேரம், தங்களுக்கு இதமான பழகிய செயல்களைச் சேர்ந்து செய்தார்கள். இன்னொரு குழுவினர் அதே அளவு நேரம் புதுமையும் விறுவிறுப்பும் கொண்ட செயல்களைச் செய்தார்கள். மண வாழ்க்கையைப் பற்றிய நிறைவு இரண்டாவது குழுவினரிடமே கூடுதலாக உயர்ந்தது. சோபாவில் அமர்ந்து படம் பார்ப்பது இதமான செயல், சந்தேகமில்லை. ஆனால் அது மட்டுமே போதாது. சனிக்கிழமை ஒரு படம், அதன் பின் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை இருவருமே இதுவரை செய்திராத ஏதோ ஒன்று என்று சில வாரங்கள் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: படத்தைப் பற்றிப் பேசச் சொல்கிறீர்கள். நாங்கள் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. ஒரு படத்தில் மனைவி, கணவனுக்குத் தெரியாமல் கடன் வாங்குகிறாள். படம் முடிந்ததும், "அவள் செய்தது தவறு" என்றேன். "என்னைத்தான் சொல்கிறீர்கள்" என்று என் மனைவி எழுந்து போய்விட்டார். நான் படத்தைப் பற்றித்தான் சொன்னேன்.

பதில்: நீங்கள் படத்தைப் பற்றித்தான் சொன்னீர்கள் என்பதை நம்புகிறேன். ஆனால் "தவறு" என்று நீங்கள் சொன்னது ஒரு தீர்ப்பு. தீர்ப்புச் சொன்ன இடத்தில் மற்றவர் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லை எதிர்க்க வேண்டும். மூன்றாவது வழி இல்லை. அந்தப் பெண் கணவனிடம் கேட்காமல் ஏன் வெளியில் போய்க் கேட்டாள், அவனிடம் சொல்ல அவளுக்கு எது தடையாக இருந்தது என்று தொடங்கியிருந்தால், உங்கள் மனைவி அந்தப் பெண்ணுக்காகப் பேசியிருப்பார். அந்தப் பேச்சில் தனக்காகவும் ஒன்றிரண்டு வார்த்தைகள் சொல்லியிருப்பார். கதாபாத்திரத்தைப் புரிந்துகொள்ள முயல்கிறவரிடம்தான் வீட்டில் உள்ளவர்களுக்கும் தங்களைப் பற்றிச் சொல்லத் துணிவு வரும். அதோடு, அவர் அவ்வளவு வேகமாக எழுந்து போனதற்கு வேறு காரணம் இருக்கிறதா என்பதையும் நிதானமாக யோசியுங்கள். பணத்தைப் பற்றி உங்களிடம் பேச அவர் தயங்குகிறாரா?

நேரமும் ஒரு காரணமாக இருக்கலாம். பரபரப்பான உச்சக் காட்சி முடிந்த உடனே நம் உடல் அமைதிக்குத் திரும்புவதில்லை. கூடிய இதயத் துடிப்பும் படபடப்பும் சில நிமிடங்கள் நீடிக்கின்றன. ஒன்றிலிருந்து மிஞ்சிய கிளர்ச்சி அடுத்து எழும் உணர்ச்சியோடு சேர்ந்து அதைப் பெரிதாக்குகிறது என்பதை உளவியலாளர் டோல்ஃப் ஸில்மன் 1970களிலேயே விளக்கினார். சிறு எரிச்சல் அந்த நேரத்தில் கோபமாகத் தெரியும். ஆகவே படம் முடிந்ததும் எழுந்து சற்று நடந்து, வீட்டு வேலை ஏதேனும் இருந்தால் இருவரும் சேர்ந்து அதை முடித்துவிட்டு, பிறகு உட்காருங்கள். வரவு செலவுக் கணக்கு, உறவினர் விவகாரம் இவற்றைப் படம் பார்த்த இரவில் எடுக்கவே வேண்டாம்.

கேள்வி: எனக்குத் திகில் படங்களும் துப்பறியும் படங்களும் பிடிக்கும், என் கணவருக்கு நகைச்சுவையும் குடும்பக் கதைகளும். தேர்ந்தெடுக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. டிரெய்லர்களாகப் பார்த்துச் சலித்து, கடைசியில் இருவருக்கும் பிடிக்காத ஒன்றைப் பார்த்துவிட்டுத் தூங்குகிறோம். இதற்கு என்ன வழி?

பதில்: இருவருக்கும் பிடிக்காத ஒன்றில் போய் முடிவது தற்செயல் இல்லை. யாரும் மறுப்புச் சொல்லாத படத்தைத் தேடும்போது, யாரும் ஆசைப்படாத படம்தான் கையில் மிஞ்சும். நடுநிலையான படத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டு, ஒரு வாரம் உங்கள் படம், மறுவாரம் அவர் படம் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு செய்வதைச் சனிக்கிழமை இரவுக்கு விடாதீர்கள். வாரத்தின் நடுவிலேயே, யாருடைய முறையோ அவர் மூன்று படங்களின் பெயர்களைச் சொல்லட்டும். மற்றவர் அதில் ஒன்றை எடுக்கட்டும். தெரிவுகள் பெருகுவது முடிவெடுக்க உதவும் என்றுதான் நினைக்கிறோம். உளவியலாளர்கள் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், கடையில் 24 வகை ஜாம் வைக்கப்பட்டபோது நின்று பார்த்தவர்களில் 3 விழுக்காட்டினரே வாங்கினார்கள். 6 வகை மட்டும் வைத்தபோது 30 விழுக்காட்டினர் வாங்கினார்கள். பின்னர் நடந்த எல்லா ஆய்வுகளிலும் இதே முடிவு கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும், களைத்த மனத்தோடு ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான படங்களைத் தள்ளிக்கொண்டே போகும் இருவருக்கு, மூன்று பெயர்கள் கொண்ட பட்டியல் எவ்வளவு பெரிய விடுதலை என்பது செய்து பார்த்தால் தெரியும்.

முறை வைத்துக்கொண்டால் இருவருக்கும் ஒவ்வொரு கடமை வருகிறது. தேர்ந்தெடுத்தவர், தனக்கு அந்தப் படத்தில் எது பிடிக்கிறது என்பதை முன்பே இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட வேண்டும். மற்றவர் முகம் சுளிக்காமல், பெருமூச்சு விடாமல், கடைசி வரை பார்க்க வேண்டும். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் ஒன்றைக் காட்டினார்கள்: பேசிக்கொள்ளாமலேயே இருவர் ஒரே நேரத்தில் ஒரே சாக்லேட்டைச் சுவைக்கும்போது, இனியது தனியாகச் சுவைப்பதைவிட இனிமையாகத் தெரிந்தது, கசப்பானது இன்னும் மோசமாகத் தெரிந்தது. பக்கத்தில் இருப்பவரும் அதையே அனுபவிக்கிறார் என்ற உணர்வு இன்பத்தையும் கூட்டும், வெறுப்பையும் கூட்டும்.

திகில் படங்களுக்கு மட்டும் ஒரு விலக்கு வேண்டும். அவை உங்கள் கணவருக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு. பார்த்தால் இரவெல்லாம் தூக்கம் வரவில்லை என்பது வேறு. பின்னது ரசனைக் குறை இல்லை. அத்தகைய படங்களை நீங்கள் தனியாகவோ தோழிகளோடோ பார்த்துக்கொள்வதில் எந்த இழப்பும் இல்லை.

கேள்வி: எந்தப் படம் போட்டாலும் அரை மணி நேரத்தில் என் மனைவி தூங்கிவிடுகிறார். எனக்கு அவமதிப்பாக இருக்கிறது.

பதில்: அவர் உங்களை அவமதிக்கவில்லை, களைத்திருக்கிறார். பெரியவர்களுக்கு ஓர் இரவில் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். வார நாள்களில் அது அவருக்குக் கிடைக்கிறதா, கிடைக்கவில்லையென்றால் வீட்டு வேலையில் உங்கள் பங்கு என்ன என்று முதலில் பாருங்கள். படத்தை இரவு பத்து மணிக்குத் தொடங்காமல் பகல் பொழுதுக்கோ மாலை நேரத்துக்கோ மாற்றுங்கள். போதுமான அளவு தூங்கியும் பகலிலும் இப்படிக் கண்ணயர்கிறார் என்றால் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

கேள்வி: என் கணவர் படம் ஓடும்போதே பேசிக்கொண்டிருப்பார். "இதைப் பாரேன்", "அடுத்து இவன்தான் சாகப்போகிறான்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கு அமைதியாகப் பார்க்க வேண்டும்.

பதில்: இதில் இரண்டு விதமான பேச்சுகள் கலந்திருக்கின்றன. அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது உங்கள் ரசனையைப் பறிக்கிறது. அதை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. "இதைப் பாரேன்" என்பது அப்படி இல்லை. தன் மகிழ்ச்சியில் உங்களையும் சேர்த்துக்கொள்ள அவர் நீட்டும் கை அது. தம்பதிகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், இத்தகைய சிறு அழைப்புகளுக்குக் கிடைக்கும் மறுமொழியைக் கணக்கெடுத்தார். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் சேர்ந்து வாழ்ந்தவர்கள் தங்கள் துணையின் அழைப்புகளில் 86 விழுக்காட்டுக்கு முகம் கொடுத்திருந்தார்கள். மணமுறிவு பெற்றவர்கள் 33 விழுக்காட்டுக்கு மட்டுமே. முகம் கொடுப்பது என்றால் நீண்ட பதில் சொல்வது அன்று. திரும்பி ஒரு முறை பார்த்துத் தலையசைத்தாலே போதும். இதை அவரிடமும் சொல்லுங்கள்: நீட்டிய கையைப் பற்றிக்கொள்கிறேன், கதையை மட்டும் முன்னால் சொல்லிவிடாதீர்கள் என்று.

கேள்வி: படம் பார்க்கும்போது இருவர் கையிலும் செல்போன் இருக்கிறது. போதாக்குறைக்கு, இப்போதெல்லாம் நான் தொலைக்காட்சியில் ஒன்றைப் பார்க்கிறேன், அவர் அதே அறையில் ஹெட்போன் போட்டுக்கொண்டு செல்போனில் வேறொன்றைப் பார்க்கிறார். ஒரே அறையில்தானே இருக்கிறோம் என்று விட்டுவிடலாமா?

பதில்: எப்போதாவது என்றால் விட்டுவிடலாம். அதுவே வார இறுதியின் வழக்கம் ஆகிவிட்டதென்றால் விடக்கூடாது.

1894இல் மக்கள் முதன்முதலாகக் காசு கொடுத்துப் பார்த்த நகரும் படங்கள், எடிசனின் கினெட்டோஸ்கோப் என்ற பெட்டிக்குள் ஓடின. ஒருவர் குனிந்து, துளையில் கண்ணை வைத்துத் தனியாகப் பார்க்க வேண்டும். பக்கத்தில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட நீடிக்காத பத்துச் சிறு படங்களைப் பெரிய திரையில் காட்டினார்கள். ஒருவர் சிரிக்கும்போது பக்கத்தில் இருப்பவரும் சிரிப்பதைக் காண முடிந்தது அந்தத் திரையால்தான். சினிமா உலகை வென்றது சேர்ந்து பார்க்கும் கலையாக மாறிய பிறகே. ஒரே அறையில் ஆளுக்கொரு செல்போனோடு உட்காரும் கணவனும் மனைவியும் மீண்டும் அந்தத் துளைக்குள் கண்ணை வைத்துவிடுகிறார்கள். இதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சேர்ந்து பார்க்கும் படத்தின் நடுவே செல்போனை எடுப்பதைப் பொறுத்தவரை, ஜேம்ஸ் ராபர்ட்ஸ், மெரடித் டேவிட் என்ற இரு ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு, துணை அருகில் இருக்கும்போது செல்போனில் மூழ்குவது சச்சரவை வளர்த்து உறவின் நிறைவைக் குறைக்கிறது என்று சொல்கிறது. எனவே இரண்டு செல்போன்களையும் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வயதான பெற்றோரிடமிருந்தோ வேலையிடத்திலிருந்தோ அழைப்பு வரக்கூடும் என்றால் மணி ஒலிக்கட்டும். குறுஞ்செய்தி அறிவிப்புகளை மட்டும் அணைத்துவிடுங்கள். "இந்த நடிகரை எங்கோ பார்த்திருக்கிறோமே" என்று தோன்றினால், படத்தை நிறுத்திவிட்டு இருவரும் சேர்ந்து நினைவுபடுத்திப் பாருங்கள். இணையத்தில் தேடி மூன்று நொடியில் கிடைக்கும் விடையைவிட அந்த ஐந்து நிமிட யோசனை சுவையானது.

கேள்வி: எனக்கு அறுபது வயது ஆகிறது. படத்தில் பேசுவது கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டினால், சண்டைக் காட்சி வந்ததும் அவர் காதைப் பொத்திக்கொண்டு குறைத்துவிடுகிறார். இரண்டு மணி நேரமும் ரிமோட்டுக்குத்தான் போராட்டம்.

பதில்: இதில் உங்கள் இருவர் மேலும் குற்றம் இல்லை. படங்களின் ஒலி பெரும்பாலும் திரையரங்குக்கென்று கலக்கப்படுகிறது. அங்கே மெல்லிய பேச்சுக்கும் வெடிச் சத்தத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருப்பது அழகு. வீட்டில் அதுவே தொல்லை. அதோடு, பல ஸ்பீக்கர்களுக்கான ஒலியமைப்பில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள் மட்டும் உள்ள தொலைக்காட்சியில் அது மற்ற ஓசைகளோடு கலந்து அமுங்கிவிடுகிறது. பல தொலைக்காட்சிகளின் ஒலி அமைப்பில் நைட் மோட் என்றோ, வசனத்தைத் தெளிவாக்கும் வசதி என்றோ ஒன்று இருக்கும், அதை இயக்குங்கள். ஓடிடி தளத்தில் 5.1 என்று குறிக்கப்படும் பல ஸ்பீக்கர் ஒலிக்குப் பதிலாக, இரண்டு ஸ்பீக்கர்களுக்கான ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் அதையும் செய்து பாருங்கள். சப்டைட்டில் போட்டுக்கொள்வதில் தயக்கமே வேண்டாம், உங்கள் தாய்மொழிப் படமாக இருந்தாலும்.

வயது கூடும்போது முதலில் மங்குவது உயர் அதிர்வெண் ஒலிகள். ஸ, ஷ, ஃப போன்ற மெல்லிய ஒலிகள் நழுவி, பேச்சு காதில் விழுந்தும் சொல் புரியாமல் போகும். ஒரு முறை செவித்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். கேட்கும் கருவி வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். அவர் உங்களிடம் சொல்லும் மெல்லிய சொற்களும் அதில்தானே அடங்கியிருக்கின்றன!

கேள்வி: இருவரும் சேர்ந்து பார்க்கும் வலைத்தொடரின் அடுத்த எபிசோடுகளை என் மனைவி எனக்குத் தெரியாமல் வார நாளில் பார்த்துவிட்டார். இதைப் பெரிதுபடுத்துவது சிறுபிள்ளைத்தனமா?

பதில்: சிறுபிள்ளைத்தனம் இல்லை. காத்திருப்போம் என்று இருவரும் சொல்லிக்கொண்ட ஒன்றை அவர் மீறியிருக்கிறார். அது வருத்தம் தருவது இயல்பு. அந்த வருத்தத்தை ஒரு முறை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். எந்தத் தொடர் சேர்ந்து பார்ப்பதற்கு, எது அவரவர் விருப்பப்படி பார்ப்பதற்கு என்று பிரித்துக்கொண்டால் மறுபடி நேராது. அவர் மீண்டும் அதே எபிசோடை உங்களோடு உட்கார்ந்து பார்க்க முன்வந்தால் மறுக்காதீர்கள்; அது அவருடைய சமாதானம்.

கேள்வி: கைக்குழந்தை இருக்கிறது. ஒரு படத்தை முழுதாகப் பார்த்தே பல மாதங்கள் ஆகின்றன. இனி எங்களுக்கு அந்தப் பழக்கம் திரும்புமா?

பதில்: திரும்பும். அதுவரை முழுப் படம் என்ற ஆசையைச் சற்று ஒதுக்கி வையுங்கள். குழந்தை தூங்கும் நாற்பது நிமிடத்தில் ஒரு படத்தின் மூன்றில் ஒரு பங்கைப் பாருங்கள். மீதியை அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் பாருங்கள். பாதியில் நிறுத்திய கதையைப் பற்றிப் பகலில் யோசிக்கவும், "அவள் திரும்பி வருவாளா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவும் நேரம் கிடைக்கும். குழந்தை அழுதால் எழுந்து போவது ஒருவரே என்று ஆகிவிடக் கூடாது. எழுந்து போனவர் திரும்பி வரும்வரை படம் நிற்க வேண்டும்.

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் எங்களுக்குக் கருவிலேயே ஒரு குழந்தை தவறிவிட்டது. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. சென்ற மாதம் பார்த்த ஒரு படத்தில், முன்னறிவிப்பு இல்லாமல் அதே போன்ற காட்சி வந்தது. நான் அழுதுவிட்டேன். அவர் எதுவும் சொல்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் சனிக்கிழமைப் படமும் நின்றுவிட்டது. அவருக்கு மனமே இல்லையா?

பதில்: அவருக்கு மனம் இல்லை என்பதற்கு நீங்கள் எழுதியதில் எந்தச் சான்றும் இல்லை. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார் என்கிறீர்கள். உங்கள் பக்கம் திரும்பியிருந்தால் அவரும் உடைந்திருக்கக்கூடும். தான் உடைந்தால் உங்களைத் தாங்க ஆள் இருக்காது என்று அஞ்சி இறுகிப்போகிறவர்கள் உண்டு. என்ன சொன்னாலும் தவறாகிவிடும் என்று அஞ்சி ஊமையாகிறவர்களும் உண்டு. இரண்டும் வெளியிலிருந்து பார்க்கும்போது கல் மனமாகத்தான் தெரியும். உங்கள் கணவர் இவர்களில் ஒருவரா என்பதை என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. அவரால் மட்டுமே சொல்ல முடியும், கேட்டால்தான் சொல்வார். சனிக்கிழமைப் படம் நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்றுமே பாதிக்காதவராக இருந்தால் அடுத்த வாரம் வழக்கம்போல ரிமோட்டை எடுத்திருப்பார். அந்த இடத்துக்குத் திரும்பி வர அவருக்கும் முடியவில்லை போலிருக்கிறது.

நீங்கள் தொடங்குங்கள். "அன்று ஏன் பேசாமல் போனீர்கள்?" என்று கேட்டால் அது விசாரணையாகிவிடும். "அந்தக் காட்சி வந்தபோது எனக்கு நம் குழந்தையின் நினைவு வந்தது. உங்களுக்கும் வந்ததா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்காக நெடுநேரம் காத்திருக்க நேரலாம். எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்பதைவிட, பக்கத்தில் நடந்துகொண்டோ ஏதேனும் வேலை செய்துகொண்டோ கேட்பது பலருக்குப் பதில் சொல்ல எளிதாக இருக்கும். அவர் அன்று ஒன்றும் சொல்லாவிட்டாலும் கேள்வி அவரிடம் இருக்கும்; சில நாள்கள் கழித்து அவராகவே அதை எடுக்கக்கூடும். எடுக்கவில்லை என்றால், அல்லது எடுத்ததும் உங்களில் ஒருவரால் தாங்க முடியாமல் போகிறது என்றால், இருவரும் சேர்ந்து ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். இழப்பைப் பற்றிப் பேச உதவுவது அவர்கள் அன்றாடம் செய்யும் பணி.

படம் பார்ப்பதைக் கைவிட வேண்டாம். மறுபடி தொடங்கும்போது, இருவரும் முன்பே பார்த்து ரசித்த ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள். அதில் என்ன வரும் என்பது இருவருக்கும் தெரியும். புதிய படங்களைப் பொறுத்தவரை, கதைச் சுருக்கத்தையும், உணர்வைப் பாதிக்கக்கூடிய காட்சிகளைப் பற்றிய எச்சரிக்கை இருந்தால் அதையும், பார்க்கும் முன் படித்துவிடுங்கள். கருவிழப்புக் காட்சி உண்டு என்று தெரிந்தால், இப்போதைக்கு வேண்டாம் என்று தள்ளி வைக்க உங்கள் இருவரில் யாருக்கும் உரிமை உண்டு. அதற்குக் காரணம் கேட்க வேண்டாம் என்பதையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.